ரானக் மூர்: அப்பாவை அழைத்துப் போகலாமா? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

ஈரக்காற்று

வணக்கம். நாங்கள் மான்செஸ்டரில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா வந்து மூன்று வாரம் ஆகிறது. வயது 68. வேலையில் இருந்த காலம் முழுக்க நில அளவைதான். அக்டோபர் முதல் வாரத்தில் நான்கு நாள் ஸ்காட்லாந்து போகிறோம். கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் போகிற ரயில் ரானக் மூர் என்ற மேட்டுநிலத்தைக் கடந்து போகிறது. அங்கே ஒரு நாள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அப்பாவிடம் படங்களைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "மரம் இல்லை, வீடு இல்லை, வரப்பு இல்லை. என்னிடம் கொடுத்தால் தரிசு என்று எழுதிவிட்டு அடுத்த சர்வே எண்ணுக்குப் போய்விடுவேன்" என்றார். வீட்டுக்காரரும் அவர் கட்சி. அந்த ஒரு நாளையும் ஃபோர்ட் வில்லியமிலேயே தங்கிக் கழிக்கலாம் என்கிறார்.

ஏன் போக வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போய்வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அது எப்படிப்பட்ட இடம்? அப்பாவுக்கு இடது முழங்காலில் வலி உண்டு. சமதளத்தில் ஒரு மணி நேரம் நடப்பார்.

கிளாஸ்கோ நடையன்

போங்கள். அப்பாவையும் கட்டாயம் அழைத்துப் போங்கள்.

நான் கிளாஸ்கோவுக்கு வந்து 14 வருடம் ஆகிறது. ரானக் மூருக்கு இருபது தடவைக்கு மேல் போயிருப்பேன். முதல் தடவை நானும் அப்பா சொன்னதைத்தான் சொன்னேன். அன்று மழை, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை உடன் வந்த நண்பர் "நின்று பார்க்காதே, உட்கார்ந்து பார்" என்றார். அதற்குப் பிறகுதான் அந்த இடம் எனக்குப் பிடிபட்டது.

நஞ்சை, புஞ்சை, தரிசு, நீர்நிலை, புறம்போக்கு என்று அப்பா பிரித்துப் பழகியிருப்பார். இந்த நிலம் அதில் எதிலும் சரியாகப் பொருந்தாது. ஆனால் கட்டாயம் ஏதாவது ஒன்றில் போடு என்றால் நான் தரிசில் போடமாட்டேன், நீர்நிலையில் போடுவேன். காலடியில் இருப்பதில் பெரும்பகுதி தண்ணீர். அதைப் பிடித்து வைத்திருப்பது ஒரு பாசி.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். சுமார் 130 சதுர கிலோமீட்டர் பரப்பு, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரம். சுற்றிலும் மலைகள், நடுவே தாம்பாளம் மாதிரி இந்த நிலம். அடியில் இருப்பது கருங்கல். இங்கே அது சுற்றியுள்ள பாறைகளைவிட வேகமாகத் தேய்ந்து பள்ளமாகிவிட்டது. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் இந்தத் தாம்பாளம் நிறையப் பனிக்கட்டி இருந்தது, நூற்றுக்கணக்கான மீட்டர் கனத்துக்கு. இங்கிருந்துதான் நாலா திசைக்கும் பனியாறுகள் வழிந்தன. மேற்கே கிளென்கோ பள்ளத்தாக்கு, கிழக்கே ரானக் ஏரி இருக்கும் பள்ளத்தாக்கு என்று இந்தப் பக்கம் பெயர்பெற்ற பள்ளத்தாக்குகளை அந்தப் பனிதான் ஆழப்படுத்தியது. பனி உருகிப் போனபோது விட்டுச்சென்ற குழிகளும் சரளை மேடுகளும் உருட்டுப்பாறைகளும் இன்னும் அப்படியே கிடக்கின்றன. வீடு காலி செய்து போனவர்கள் கூட்டிப் பெருக்காமல் போன மாதிரி இருக்கும்.

குழியெல்லாம் ஏரி ஆயிற்று. பா, லேடன் என்ற இரண்டும் பெரியவை. குட்டைகளுக்குக் கணக்கில்லை. கேலிக் மொழியில் சிற்றேரிக்கு 'லொகன்' என்று பெயர். சாலையோரம் இருக்கும் ஒரு லொகனின் பெயருக்கு 'அக்குள் குளம்' என்று பொருள். வரைபடத்தைப் பார்த்தால் ஏன் என்று தெரியும், கை மடங்கின இடம் மாதிரியே ஒதுங்கியிருக்கும். கிளென்கோ வாசலில் நிற்கும் பூவக்கில் எட்டிவ் மோர் என்ற கூம்பு மலை 1,022 மீட்டர். 'பூவக்கில்' என்றால் மேய்ப்பன். மாடுகளை ஓட்டிக்கொண்டு இந்த மூரைக் கடந்து தெற்கே சந்தைக்குப் போனவர்கள் வைத்த பெயர் என்று நினைத்துக்கொள்வேன். மேய்ப்பனுக்கு மேய்ப்பன்தானே தெரிவான்.

இப்போது பாசிக்கு வருகிறேன். ஸ்பேக்னம் என்று பெயர். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். (எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.) ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி ஒழுகும், பிழிந்து முடித்தால் உள்ளங்கையில் கொஞ்சூண்டு நார்தான் மிஞ்சும். தன் காய்ந்த எடையைப்போல் இருபது மடங்கு வரை தண்ணீர் பிடிக்கும் என்பார்கள். முதல் உலகப் போரில் காயத்துக்குக் கட்டுப்போட இந்தப் பாசியை ஸ்காட்லாந்தில் மூட்டை மூட்டையாகச் சேகரித்தார்கள்.

மேலே பாசி வளர்ந்துகொண்டே போக, அடியில் இருப்பது சாகும். ஆனால் மக்காது. தண்ணீருக்குள் காற்று புகாது, அந்த நீரில் புளிப்பும் அதிகம். அதனால் பாதி மக்கிய செடிகளே அடுக்கடுக்காகச் சேர்ந்து நிலமாகின்றன. அதுதான் பீட். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் ஏறும். அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் பீட் என்றால் ஆயிரம் வருடம். இங்கே சில இடங்களில் ஐந்தாறு மீட்டருக்குப் போகும்.

மரம் இல்லை என்றாரே, மரம் இருந்தது. பீட் அரித்துப்போன கரைகளில் பார்த்தால் பைன் மரத்தின் அடிக்கட்டைகள் வேரோடு நீட்டிக்கொண்டிருக்கும். நான் முதலில் கண்டது வெள்ளி நிறத்தில், ஆக்டோபஸ் மாதிரி வேர் விரித்துக் கிடந்தது. கத்தி முனையால் லேசாகச் சுரண்டினேன். உள்ளே செம்பழுப்பு மரம், பிசின் வாசனை. அது செத்துச் சில ஆயிரம் வருடம் ஆகியிருக்கும், வாசனை மட்டும் நேற்று வெட்டிப்போட்டது மாதிரி. தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த இடத்தைப் பற்றி எனக்கு மறக்கவே மறக்காத நிமிஷம் அது.

பிறகு ஏன் மரம் வரவில்லை என்றால், ஈரம் கூடியது ஒரு காரணம். மான்கள் இன்னொரு காரணம். பா ஏரிக்கு நடுவே சின்னச் சின்னத் தீவுகள் இருக்கின்றன. கரையில் ஒரு மரம்கூட இருக்காது, தீவில் மட்டும் அடர்த்தியாக நிற்கும். மான் வாய் எட்டாத இடம் அது. சாலையிலிருந்தே தெரியும், அப்பாவுக்குக் காட்டுங்கள்.

அக்டோபர் முதல் வாரம் நல்ல தேர்வு. மிட்ஜ் என்ற பொடிக்கொசுத் தொல்லை அடங்கியிருக்கும். ஹெதர் என்ற குட்டைப் புதர் பூத்து முடிந்திருக்கும், ஆனால் புல் நிறம் மாறியிருக்கும். மூர் முழுக்கத் துருப்பிடித்த செம்மை. மேகம் விலகி வெயில் ஒரு பட்டையாக அதன்மேல் நகர்ந்து போவதைப் பார்க்க வேண்டும். ஒரு மேட்டில் வெயில், அடுத்த மேட்டில் மழை, இரண்டும் உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும். எது முதலில் வரும் என்று பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

முழங்கால் வலிக்கு ஒரே யோசனை: ரானக்கில் இறங்காமல் அடுத்த நிலையமான கொரூரில் இறங்குங்கள். அங்கிருந்து ஓசியன் ஏரிக்கு ஒரு மண் பாதை இருக்கிறது. ஒன்றரை கிலோமீட்டர் சுமார், ஏற்றம் கிடையாது, கெட்டியான தரை. அப்பா நடையில் அரை மணி நேரம். இரண்டு பக்கமும் மூர்தான். பாதையில் நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

தண்டவாளம்

நடையன் ரயிலைத் தொடாமல் விட்டுவிட்டார், நான் சொல்கிறேன்.

இந்தப் பாதை 1894 ஆகஸ்டில் திறந்தது. மூரில் அடித்தளம் போட முடியவில்லை. கொட்டக் கொட்டப் பீட் விழுங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் மரவேர், சுள்ளிக்கட்டு, ஆயிரக்கணக்கான டன் மண், சாம்பல் எல்லாம் பரப்பி அதன்மேல் தண்டவாளத்தைப் போட்டார்கள். இன்றைக்கும் அந்த மெத்தைமேல்தான் ரயில் போகிறது. பணம் தீர்ந்து வேலை நிற்கும் நிலை வந்தபோது ரெண்டன் என்ற ரயில் நிறுவன இயக்குநர் சொந்தப் பணத்தைப் போட்டு மீட்டார். தொழிலாளிகள் அவர் முகத்தை ஒரு பாறையில் செதுக்கி வைத்தார்கள். ரானக் நிலைய நடைமேடையின் முனையில் அது இருக்கிறது.

நீங்கள் இறங்கப்போகும் கொரூர் 408 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரிட்டனின் முதன்மை ரயில் பாதைகளில் இதைவிட உயரமான நிலையம் இல்லை. பொதுச்சாலை எதுவும் அங்கே போகாது. ரயில்தான் வழி, இல்லாவிட்டால் நடை. ரானக்குக்கும் கொரூருக்கும் நடுவே, பனி வந்து மூடாமல் இருக்கத் தண்டவாளத்துக்கே கூரை போட்ட ஓர் இடம் வரும். பிரிட்டன் ரயில் பாதைகளில் அப்படி இருப்பது அது ஒன்றுதான். கண் இமைக்கும் நேரத்தில் போய்விடும்.

அப்பா சர்வே ஆள் என்பதால் இதையும் சொல்லுங்கள். 1889 ஜனவரி 30 அன்று, பாதை போடும் முன் தடத்தைப் பார்க்க ஏழு பேர் இந்த மூரை நடந்து கடக்கக் கிளம்பினார்கள். பொறியாளர்கள், ஒப்பந்தக்காரர், வழக்கறிஞர் என்று பல தரப்பு ஆட்கள். உடுப்பு நகரத்து உடுப்பு, கையில் குடை. மழையும் காற்றுமாக இருட்டிவிட்டது. ஒருவர் நடக்க முடியாமல் விழுந்தார். கூட்டம் சிதறிப்போயிற்று. மேய்ப்பர்கள் தேடிக் கண்டுபிடித்துக் காப்பாற்றினார்கள். ஏழு பேரும் பிழைத்தார்கள். மறுநாள் பனிப்புயல். ஒரு நாள் தள்ளிப் போயிருந்தால் அந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

ஒரு நாளைக்கு ரயில் மூன்று நான்குதான். திரும்பும் ரயிலின் நேரத்தைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் காகிதத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்பதெல்லாம் அங்கே கிடையாது.

ஈரக்காற்று

இருவருக்கும் ரொம்ப நன்றி. ஏழு பேர் கதையை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "குடையோடு சர்வேக்குப் போனார்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். இப்போது அவரே ரயில் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு பயம். ஆள் புதைந்துபோவார்களா? பாதையை விட்டு இறங்கினால் என்ன ஆகும்? அப்பா ஏதாவது கண்டால் நேரே அதை நோக்கி நடந்துவிடுவார், அது அவர் தொழில் பழக்கம்.

கிளாஸ்கோ நடையன்

தலை வரை புதைவது என்பதெல்லாம் கதைகளில்தான் அதிகம். ஆனால் கால் இறங்கும், இறங்கினால் லேசில் வராது. எனக்கே நடந்தது. மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, லேடன் ஏரிப்பக்கம். முன்னால் ஒரு சின்னத் தாவல் தூரத்துக்குப் பளிச்சென்று இளம்பச்சையாக, வழவழவென்று பாய் விரித்த மாதிரி ஓர் இடம். சுற்றியிருந்த புல்லெல்லாம் மேடுபள்ளமாக இருந்ததால் அதுதான் நடக்க நல்ல இடம் என்று நினைத்துக் கால் வைத்தேன். வலது கால் தொடை வரை போயிற்று. அடியில் தரை தட்டவே இல்லை. அந்தக் குளிரைவிட, காலுக்கடியில் ஒன்றும் இல்லை என்ற உணர்ச்சிதான் பயமுறுத்தியது. இழுக்க இழுக்கச் சேறு காலணியைக் கவ்விப் பிடித்தது. நண்பர் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். எடையை நெஞ்சுக்கும் கைக்கும் மாற்றி, காலைச் சுழற்றிச் சுழற்றித் தளர்த்தி வெளியே எடுக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. ரயிலுக்கு வரும்வரை பல் கிட்டிக்கொண்டே இருந்தது.

அன்று கற்றது: அங்கே நிறம்தான் வழிகாட்டி. பளிச்சென்ற பச்சையும் சிவப்பும் பாசி, அதாவது தண்ணீர். வெள்ளைப் பஞ்சு தலைகாட்டும் கோரை நிற்கும் இடமும் ஈரம். ஹெதர் புதர் மண்டியிருந்தால் ஓரளவு உலர்ந்த மேடு. இருந்தாலும் அப்பா பாதையை விட்டு இறங்க வேண்டாம். கைத்தடியைப் பாதையோரத்திலிருந்தே நீட்டிப் பார்க்கட்டும்.

மேகம் தரைக்கு இறங்கினால் திசை தெரியாது, அடையாளம் வைக்க மரமோ கட்டடமோ கிடையாது. கொரூர்-ஓசியன் பாதையில் இருக்கும்வரை அந்தக் கவலை இல்லை. கைப்பேசிச் சிக்னலை நம்பாதீர்கள். அவசர உதவி எண்ணான 999க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி உண்டு, ஆனால் முன்கூட்டியே எண்ணைப் பதிவு செய்திருக்க வேண்டும். கிளம்பும் முன் செய்துவிடுங்கள்.

கோடையில் வந்திருந்தால் அழுகண்ணியைக் காட்டியிருக்கலாம், நம்முடைய சித்த மருத்துவத்தில் வரும் அதே வகைச் செடி. இங்கே மண்ணில் சத்து இல்லாததால் பூச்சியைப் பிடித்துத் தின்று வாழ்கிறது. காசு அளவு இலை, ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு பசைத்துளி. அக்டோபரில் சுருங்கி மொட்டாகிப் படுத்துவிடும். ரானக் கோரை என்று இந்த ஊர்ப் பெயரையே வாங்கிய ஒரு செடியும் உண்டு. பிரிட்டனில் அது இயற்கையாகத் தப்பிப் பிழைத்திருப்பது இந்தப் பக்கம்தான். அது ஆழ்ந்த சேற்றுக்குள் இருக்கும், தேடிப் போக வேண்டாம்.

உள்ளான்

குருவி பார்க்கிற ஆள் நான். மே, ஜூன் மாதங்களில் வந்தால் பொன்னிற உப்புக்கொத்தியின் குரல் கேட்கும். ஒரே ஒரு சுரம், இழுத்து, சோகமாக. யாரோ தூரத்தில் ஒரே ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற மாதிரி. பச்சைக்கால் உள்ளானும் இங்கே கூடு கட்டும். அக்டோபரில் இரண்டும் கடற்கரைப் பக்கம் இறங்கியிருக்கும்.

ஆனால் அக்டோபருக்கு என்று ஒன்று இருக்கிறது. சிவப்பு மான்கள் இணைசேரும் பருவம் அது. ஆண் மான் கத்தும். மான் என்றவுடன் மெல்லிய குரலை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். காளை மாடு தொண்டை கட்டிக் கத்தினால் எப்படி இருக்கும், அப்படி. ஒன்று கத்த, எதிர் மலையிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். காலை முதல் ரயிலில் போய் இறங்கினால் ரயில் சத்தம் அடங்கினதும் காதைக் கொடுங்கள். கிட்டே போகாதீர்கள், அந்தச் சமயத்தில் அவற்றுக்குக் கோபம் அதிகம். அதோடு இலையுதிர் காலத்தில் எஸ்டேட் ஆட்கள் மான் சுடுவதும் உண்டு. பாதையில் அறிவிப்புப் பலகை இருந்தால் படித்துவிட்டு நடங்கள்.

ஈரக்காற்று

போய்வந்துவிட்டோம். நேற்று இரவுதான் மான்செஸ்டர் திரும்பினோம்.

கொரூரில் இறங்கியது எங்களோடு ஐந்தாறு பேர். ரயில் போனதும் அப்படியொரு அமைதி. உள்ளான் சொன்னபடி காதைக் கொடுத்தோம். முதலில் காற்றுதான் கேட்டது. பத்து நிமிஷம் கழித்துத் தெற்கே எங்கேயோ அந்தக் கத்தல். வீட்டுக்காரர் சட்டென்று நின்றுவிட்டார். கைப்பேசியை எடுத்துப் பதிவு செய்தார், காற்றுதான் பதிவாகியிருக்கிறது.

அப்பா ஓசியன் ஏரிக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். முழங்காலால் இல்லை. பத்தடிக்கு ஒரு தரம் நின்றார். பாதையோரத்தில் பீட் சரிந்து கறுப்பாகத் தெரிந்த ஓர் இடத்தில் கைத்தடியை மெல்ல அழுத்தினார். முழுத்தடியும் போயிற்று, பிடி மட்டும் வெளியே நின்றது. வெளியே எடுத்து ஈரம் பட்ட அளவை விரலால் அளந்தார், ஒரு முழம், இரண்டு முழம் என்று. பிறகு கரையைக் கிட்டப்போய்ப் பார்த்து, "ராஜராஜன் காலம் இந்த இடத்தில் எங்கே வரும்?" என்று கேட்டார். நடையன் சொன்ன கணக்கைச் சொன்னேன். ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட கையை வைத்துக் காட்டினேன். அங்கேயே ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார்.

பாசியைப் பிழிந்து பார்த்தோம், திருப்பி வைத்துவிட்டோம். மழை இரண்டு தடவை வந்தது. ஏரிக்கரையில் ஃபிளாஸ்கில் கொண்டுபோன டீயைக் குடித்தோம். ரானக் நிலையத்தில் செதுக்கிய முகத்தை ரயில் ஜன்னலிலிருந்து தேடினேன், கண்ணில் படவில்லை.

திரும்பும் ரயிலில் அப்பா பேசவே இல்லை. இன்று காலையில் எழுந்ததும் கேட்ட கேள்வியை அப்படியே எழுதுகிறேன், தண்டவாளம் அல்லது வேறு யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்: "சங்கிலி போட்டு அளந்த காலத்தில் அந்தச் சேற்றில் முளைக்குச்சி எப்படி நின்றது? ராத்திரி அடித்துவிட்டுப் போனால் காலையில் அதே இடத்தில் இருந்திருக்குமா?"